திரைக்குப் பின்னால் இருமியவன்

ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. பல்லண்ணன் என்றால் தெரியும்.

பல்செட்டு செய்வது அவர் தொழில். பல் டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்து மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, தேய்த்து மெருகேற்றி, முகமே பார்த்திராத ஒரு பெரியவரை மறுபடியும் வாய்விட்டுச் சிரிக்க வைத்துவிடுவார் பல்லண்ணன். அவருடைய சொந்த வாயில் கடைவாய்ப் பல் ஒரு பக்கம் இல்லை. "ஊருக்கெல்லாம் செய்றீங்க, உங்களுக்கு ஒண்ணு செஞ்சு மாட்டிக்கக் கூடாதா?" என்று யாராவது கேட்டால், "நானே வாயைத் திறந்துக்கிட்டு, நானே எப்படிங்க உள்ள எட்டிப் பார்க்கிறது?" என்று சிரிப்பார். சிரிக்கும்போது அந்த ஓட்டை பளிச்சென்று தெரியும். அதைப் பற்றி அவருக்குக் கவலை கிடையாது. எதையும் மறைக்கத் தெரியாத மனிதர். வாழ்க்கையில் அவர் மறைக்க முயன்றது ஒன்றே ஒன்றைத்தான். அதுவே அவரைக் கவிழ்த்தது.

பகலெல்லாம் பல். மாலையானால் ஒயர்.

மகள் கல்யாணமாகிக் கணவன் வீட்டுக்குப் போன பிறகு அவளுடைய அறை காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு மேசையைப் போட்டு, விளக்கைத் தாழ இறக்கி, பல்லண்ணன் ஒயர் செய்ய ஆரம்பித்தார். சிடி ப்ளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் பாட்டைக் கொண்டுபோகிறதே, அந்த ஒயர். கடையில் விற்கிறது. ஆனால் தன் கையால் செய்த ஒயரில் வரும் பாட்டு கடை ஒயரில் வராது என்பது அவர் கட்சி. இதைப் பொழுதுபோக்கு என்று சொன்னால் கோபம் வந்துவிடும். "பொழுதைப் போக்கவா செய்றேன்? பாட்டை வழியில சிந்தாம கொண்டு சேர்க்கிறேன்" என்பார்.

மெல்லிய செம்பு ஒயர் நான்கை எடுத்து ஒன்றாகப் பின்ன வேண்டும். மேலே பருத்தி நூலில் ஓர் உறை. இரண்டு நுனியிலும், ப்ளேயரில் செருகுகிற பின்னை வைத்து ஈயத்தால் பற்றவைக்க வேண்டும். மெழுகும் நெருப்பும் பழகிய கைக்குப் பற்றவைப்பது பெரிய காரியமில்லை. பின்னல்தான் வரவில்லை. முதல் நாள் அவர் பின்னியதை அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது என்னங்க, காக்கா கட்டின கூடா?"

"நீ பின்னிக் காட்டேன் பார்ப்போம்."

அவ்வளவுதான். ஒயரைப் பிடுங்கிக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். மகள் பள்ளிக்கூடம் போன காலமெல்லாம் தினமும் காலையில் தலை பின்னிவிட்ட கை அது. நாலு கால் பின்னல் அந்த விரல்களுக்குக் கண் பார்க்காமலே வரும். பின்னுவதற்குத் தலை இல்லாமல் போன கைகளுக்கு அன்று ஒயர் கிடைத்தது. அவள் பின்னி முடித்து நீட்டியபோது பல்லண்ணன் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.

அன்றிலிருந்து அது இருவர் வேலையானது. மாலைகளில் அந்த அறையிலிருந்து சண்டையும் சிரிப்புமாகச் சத்தம் வரும். பின்னுக்கு மேலே திருகிப் போடும் உலோக மூடி ஒன்று உண்டு. அதை முதலில் ஒயரில் கோத்துவிட்டுத்தான் பின்னைப் பற்றவைக்க வேண்டும். மறந்தால் தொலைந்தது, பற்றவைத்த எல்லாவற்றையும் பிரித்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். ஒயர் செய்கிற எவனும் இந்தத் தப்பிலிருந்து தப்பியதில்லை. பல்லண்ணன் அடிக்கடி மாட்டிக்கொள்வார். அதனால் அவர் சூட்டுக்கோலைக் கையில் எடுத்ததுமே அவள் கேட்பாள்.

"மூடி?"

"போட்டாச்சு."

"காட்டுங்க."

"புருஷன் சொன்னா நம்ப மாட்டியா?"

"போன தடவையும் போட்டாச்சுன்னுதான் சொன்னீங்க. அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டா அழுதுக்கிட்டே பிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

இந்தக் குடும்பத்துக்குள் மூன்றாவதாக ஒரு குரல் உண்டு. குரல் என்றுகூடச் சொல்ல முடியாது, சீட்டிச் சத்தம். தெருமுனை திரும்பும்போதே வாயில் ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு வருவான். அதனாலேயே அவனுக்குச் சீட்டி என்று பெயர். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். பல்லண்ணனை மச்சான் என்பான், அவர் மனைவியைத் தங்கச்சி என்பான். அவளும் வாய் நிறைய அண்ணா என்பாள். மகளுக்குப் பிரசவம் சிக்கலானபோது ஆஸ்பத்திரி வாசலில் முதல் ஆளாக நின்று ரத்தம் கொடுத்தவன் அவன். பல்லண்ணனுக்கு ஆம்ப்ளிஃபயர் ஆசையைக் காட்டியவனும் அவனே. புது ஒயர் ஒன்று முடிந்தால் முதலில் கேட்பது அவன்தான். ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு நிமிஷம் கழித்து, "ஆஹா!" என்பான். அந்த ஓர் ஆஹாவுக்காக எத்தனை மாலைகள் கணவனும் மனைவியும் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள்!

ஞாயிற்றுக்கிழமைகளில் ஹெட்மாஸ்டர் வீட்டு ஹாலில் பாட்டுக் கேட்கிறவர்கள் கூடுவார்கள். ஹெட்மாஸ்டர், பேங்க் அக்கா, மருந்துக்கடைக்காரர், சீட்டி, பல்லண்ணன். அத்தனை பேர் வீட்டிலும் பல்லண்ணன் செய்து கொடுத்த ஒயர்தான். ஒயர் விலைகூட வாங்கிக்கொண்டதில்லை. "கேக்கறப்போ என்னை நினைச்சுக்குங்க, அது போதும்" என்பார். உண்மையிலேயே அது போதுமாக இருந்தது அவருக்கு.

ஒரு ஞாயிறு ஹெட்மாஸ்டர் உள்ளறையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தார். வெளியூரிலிருந்து மகன் அனுப்பிய கடை ஒயர்.

"பல்லண்ணே, தப்பா நினைக்காதீங்க. இதையும் மாட்டிப் பார்த்தேன், உங்களதையும் மாட்டிப் பார்த்தேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது."

"சார், அது எப்படி ஒண்ணாக் கேக்கும்? என் ஒயர்ல பாடறவங்க குரல் ஓர் அடி முன்னால வந்து நிக்கும். மூச்சு விடறது கேக்கும்."

"அது உங்க மனசு விடற மூச்சு அண்ணே" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

பல்லண்ணனுக்குச் சுருக்கென்றது. "திரை கட்டுங்க. பின்னால ஒருத்தர் ஒயரை மாத்தி மாத்திப் போடட்டும். எது என்னோடதுன்னு நான் கண்ணால பார்க்காமச் சொல்றேன். தப்பாச் சொன்னா, உங்க வீடுகள்ல இருக்கிற என் ஒயர் அத்தனையும் கழட்டி எறிஞ்சிடுங்க!"

வாய் வீரமாகப் பேசிவிட்டது. காதுக்கு அந்த வீரம் வர வேண்டாமா?

அந்த வாரம் தன் வீட்டிலேயே தனியாகச் சோதித்துப் பார்த்தார். கூடத்து ப்ளேயரில், அதோடு இலவசமாக வந்த ஒயரை மாட்டினார். கேட்டார். மனைவி பின்னிய ஒயரை மாட்டினார். கேட்டார். மறுபடி மாற்றினார். மறுபடி கேட்டார். எந்தக் குரலும் முன்னால் வரவில்லை. எந்தக் குரலும் பின்னால் போகவில்லை. ஒரே பாட்டு, ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி.

சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்: "என்னங்க, கேட்டுப் பார்த்தீங்களா? ஜெயிச்சுடுவோமா?"

ஜெயிச்சுடுவீங்களா என்று அவள் கேட்கவில்லை. ஜெயிச்சுடுவோமா என்றாள்.

"அதிலென்ன சந்தேகம்?" என்றார் அவர். மறைக்கத் தெரியாத மனிதர் சொன்ன முதல் பொய்.

உண்மையை ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேயுள்ள டீக்கடை பெஞ்சில், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல்.

"சீட்டி, உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு வித்தியாசம் தெரியலைடா."

சீட்டி சிரிக்கவில்லை. தோளில் கை போட்டான். அந்தக் கையின் சூடு பல்லண்ணனின் நெஞ்சுவரை இறங்கியது.

"இதுக்கா இவ்வளவு தவிப்பு? வயசானா காது கொஞ்சம் முன்னப் பின்னத்தான் இருக்கும் மச்சான். திரைக்குப் பின்னால நான் நிக்கறேன். உன் ஒயரை மாட்டறப்போ மெல்லமா ஒரு தடவை இருமறேன். உனக்கு மட்டும் தெரியும். போதுமா?"

"வேண்டாம்டா. அது ஏமாத்து."

"தங்கச்சி வருதாமே அன்னிக்கு? அது முன்னாடி தலை குனிஞ்சு நிக்கப் போறியா?"

பல்லண்ணன் டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டார். வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லவும் இல்லை.

ஞாயிறு வந்தது. மனைவி நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த ஹாலுக்கு அவள் வருவது அதுவே முதல் தடவை. புத்தக அலமாரி ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். பேங்க் அக்கா அவளிடம், "இவ்வளவு அழகா பின்றது நீங்கதானா? நான் ஏதோ மெஷின்னு நினைச்சேன்" என்றதும் அவள் முகம் பூரித்துப் போனது.

ஜன்னலுக்கும் அலமாரிக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டார்கள். ப்ளேயரும் ஆம்ப்ளிஃபயரும் அதற்குப் பின்னால். யார் மாற்றுவது என்று ஹெட்மாஸ்டர் கேட்டபோது சீட்டி கையைத் தூக்கினான். யாருக்கும் மறுப்பில்லை. ரெண்டு பக்கமும் வேண்டியவன் அல்லவா அவன்!

பாட்டு ஆரம்பித்தது. திரைக்குப் பின்னால் சத்தமில்லை.

"கடை ஒயர்" என்றார் பல்லண்ணன்.

பாட்டு நின்றது. ஏதோ உரசும் ஓசை. மறுபடி அதே பாட்டு. கூடவே, தொண்டையைச் செருமுவதுபோல் ஒரு சின்ன இருமல்.

பல்லண்ணன் கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார். "இதோ... இதுதான். குரல் முன்னால வந்துடுச்சு பாருங்க." சொல்லும்போதே அவருக்கு உண்மையாகவே குரல் முன்னால் வந்ததுபோல் இருந்தது. அது இன்னும் கொடுமை.

அடுத்தது. இருமல் இல்லை. கடை ஒயர். அடுத்தது. இருமல். "என்னோடது." ஹெட்மாஸ்டர் புருவத்தைத் தூக்கினார். மருந்துக்கடைக்காரர், "பெரிய ஆளுதான் அண்ணே நீங்க" என்று முணுமுணுத்தார். அலமாரி ஓரத்தில் மனைவி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண் பளபளத்தது.

"போதும்ப்பா, வெளியே வா" என்றார் ஹெட்மாஸ்டர். "சொல்லு, எத்தனை சரி?"

போர்வை விலகியது.

சீட்டி நின்றிருந்தான். பல்லண்ணன் வீட்டு ஒயர், அவர் மனைவி பின்னிய அந்த ஒயர், அவன் கழுத்தில் மாலையாகத் தொங்கியது.

"மாத்தினாத்தானே சார் சரி, தப்புன்னு ஒண்ணு இருக்கும்?" என்றான். "முதல்லேருந்து கடைசி வரைக்கும் கடை ஒயர்தான் ஓடிச்சு. இது என் கழுத்தை விட்டு இறங்கவே இல்லை!"

முதலில் மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். சிரிப்பு ஹால் முழுக்க உருண்டது. ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். பேங்க் அக்காகூட, சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சிரித்தாள்.

பல்லண்ணன் சீட்டியின் முகத்தையே பார்த்தார். அங்கே எதையோ தேடினார். கண்ணோரத்தில் ஒரு மன்னிப்பு, உதட்டில் ஒரு நடுக்கம், ஏதாவது. ஒன்றும் இல்லை. சீட்டி அதற்குள் தன் தோள்பையைத் திறந்து, பளபளக்கும் பெட்டிகளை மேசைமேல் அடுக்க ஆரம்பித்திருந்தான்.

"இனிமே இந்தக் கைத்தொழிலெல்லாம் நமக்கு எதுக்கு சார்? இந்தக் கம்பெனி ஒயருக்கு நான்தான் இப்போ இந்தப் பக்கத்து ஏஜெண்ட். நம்ம ஆளுங்களுக்கு விலையில பார்த்துப் பண்ணலாம்."

அப்போதுதான் எல்லாம் விளங்கியது. எல்லோர் வீட்டிலும் பல்லண்ணனின் ஒயர் இருக்கும்வரை அந்தப் பெட்டிகளை யார் வாங்குவார்கள்?

'நீதானேடா இருமினே?' என்று கத்த வாயெடுத்தார் பல்லண்ணன். வாய் திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? இருமினான் என்று சொன்னால், இருமலைக் கேட்டுத்தான் சொன்னேன் என்றாகும். சொன்னால் மோசடிக்காரன். சொல்லாவிட்டால் முட்டாள். முதுகில் குத்திய கத்தியின் பிடியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருந்தான் அவன்.

அவர் முட்டாளாகவே எழுந்தார்.

வீட்டுக்கு நடந்தார்கள். பாதி வழியில் அவள் கேட்டாள்.

"நீங்க சும்மா சொல்லலையே. தலையை ஆட்டினீங்க. அனுபவிச்சுக் கேட்டீங்க. மாத்தவே இல்லைன்னா எப்படிங்க அது?"

"வெயில் ஜாஸ்தியா இருக்கு. சீக்கிரம் நட."

"அண்ணா ஏன் அப்படிப் பண்ணாரு? விளையாட்டுக்கா?"

அண்ணா என்ற அந்த வார்த்தை செருப்புக்குள் விழுந்த கல்போல வீடுவரை குத்திக்கொண்டே வந்தது.

அந்த வாரம் ஒயர்கள் வீடு திரும்பின. ஹெட்மாஸ்டருடையது ஒரு துணிக்கடைப் பைக்குள் சுருட்டப்பட்டு வாசல் கேட்டில் தொங்கியது. அழைப்பு மணியைக்கூட அவர் அடிக்கவில்லை. பேங்க் அக்கா நேரில் வந்தாள். "கோவிச்சுக்காதீங்க அண்ணே, புதுசு ஒண்ணு வாங்கிட்டேன், இது சும்மாக் கிடக்குது" என்று சொல்லிவிட்டு, பல்லண்ணன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் போனாள். மருந்துக்கடைக்காரர் கொடுத்தே அனுப்பவில்லை. அதன் பின்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டதாகக் கேள்வி. வேலை செய்கிற இடத்துக்கும் கதை போய்விட்டது. பல் டாக்டர் போனில் கூப்பிட்டு, "என்ன அண்ணே, கண்ணைக் கட்டிவிட்டா மேல் பல்லு, கீழ்ப் பல்லு தெரியுமா?" என்று சிரித்தார். பல்லண்ணனும் சிரித்தார். போனை வைத்த பிறகு, மெழுகில் நட்டிருந்த பற்களையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாப் பற்களும் அவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தன.

திரும்பி வந்த ஒயர்களை மனைவி கூடத்து மேசையில் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, பின்னலில் ஏதாவது பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். தன் பின்னலில்தான் ஏதோ குற்றம் என்று நினைத்துவிட்டாள் பாவி மகள்! அதைப் பார்த்தும் பல்லண்ணன் வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பிற்பகல். தெருமுனையில் அந்தச் சீட்டிச் சத்தம். வாசற்படி ஏறி, வழக்கம்போலச் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தான். "தங்கச்சி, டீ போடும்மா!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். இப்படியும் ஒரு துணிச்சல் உண்டா!

"இன்னுமா கோவம் மச்சான்? விளையாட்டுக்குப் பண்ணது அது. இந்தா" என்று ஒரு பெட்டியை நீட்டினான். "இதை உன் வீட்ல மாட்டு. உனக்கு இனாம். பல்லண்ணனே மாட்டிட்டாருன்னு சொன்னா மத்த ஊர்க்காரங்களும் யோசிக்காம வாங்குவாங்க."

பல்லண்ணன் பெட்டியைத் தொடவில்லை. "ஏண்டா இருமினே?"

"இருமலா? போர்வை தூசி மச்சான்."

"என் ஒயரை மாட்டறப்போ இருமறேன்னு டீக்கடையில நீதானேடா சொன்னே?"

"மெதுவாப் பேசு" என்றான் சீட்டி. முகத்தில் அதே சிரிப்பு. "தங்கச்சி காதுல விழுந்துடப் போகுது. அப்புறம் நீதான் முழிப்பே."

"விழுந்தா விழட்டும். என்னை ஏன் அப்படிப் பண்ணினே? அதைச் சொல்லு."

சீட்டி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது. "சொல்லட்டுமா? வருஷக்கணக்கா ஆஹா போட்டு எனக்கு வாய் வலிச்சுப் போச்சு மச்சான். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது உன் ஒயர்ல நான் வித்தியாசம் கேட்டிருப்பேன்னு நினைக்கிறியா? நீ என் முகத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பே. என்ன சொல்றது? ஆஹான்னேன். அன்னிக்கு டீக்கடையில, உனக்கே தெரியலைன்னு நீயே சொல்லிட்டே. அப்புறம் நான் மட்டும் எதுக்கு ஆஹா போட்டுக்கிட்டு இருக்கணும்?"

திரைக்குப் பின்னால் நடந்த துரோகத்தைக்கூடப் பல்லண்ணன் தாங்கிக்கொண்டிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. அந்த ஒரு ஞாயிறு மட்டும் பொய் இல்லை. எல்லா ஆஹாவும் பொய். எல்லா மாலைகளும் பொய்.

சமையலறை வாசலை ஒட்டிய மேசையில் டம்ளர் வைக்கப்படும் சத்தம் கேட்டது. அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது.

"டீ ஆறிடும். குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்றாள் சீட்டியிடம். அண்ணா என்று சொல்லவில்லை. "என் பொண்ணு உயிருக்கு ரத்தம் கொடுத்தீங்க. அதனால டீ கொடுத்து அனுப்பறேன். இனிமே இந்தப் பக்கம் வர வேண்டாம்."

"தங்கச்சி, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"குடிங்க."

அவன் குடிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தான். தெருமுனைவரை எந்தச் சீட்டியும் கேட்கவில்லை.

பல்லண்ணன் மனைவியைப் பார்த்தார். "பார்த்தியாம்மா? இத்தனை வருஷம் பழகிட்டு, எப்படிக் கழுத்தறுத்துட்டான் பாரு."

"அவரு உங்களை ஏமாத்தினாரு. சரி. நீங்க யாரை ஏமாத்தினீங்க?"

அவர் மேசைமேல் கிடந்த ஒயர்களைப் பார்த்தார்.

"ஜெயிச்சுடுவோமான்னு கேட்டேனே. அன்னிக்கே உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே என்னைப் புடவை கட்ட வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. அங்க எல்லாரும் சிரிச்சப்போகூட நான் உங்களைத்தான் நம்பினேன். என் பின்னல்லதான் ஏதோ கோளாறுன்னு இந்த ஒயரையெல்லாம் தடவிப் பார்த்தேன். அதையும் பார்த்துக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தீங்களே!"

"உன் மனசு கஷ்டப்படும்னுதான்..."

"சீட்டியும் அதேதான் பண்ணாரு. உங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் ஆஹா போட்டாராம்."

பல்லண்ணன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அடி வாங்கியவன் தான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். அதே அடியை அவர் கொடுத்துக்கொண்டும் இருந்திருக்கிறார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். நான் பின்னினதுக்கும் கடை ஒயருக்கும் என்னிக்காவது வித்தியாசம் கேட்டுச்சா, இல்லையா?"

கேட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன வார்த்தை. அவள் முகம் மலர்ந்திருக்கும். மாலை வேலை மறுபடி தொடங்கியிருக்கும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியலை" என்றார். "கேட்டுச்சுன்னு நினைச்சேன். இப்போ தெரியலை."

அவள் விடுவிடென்று உள்ளே போய், ப்ளேயரோடு வந்த பழைய ஒயரைத் தேடி எடுத்து வந்தாள். மேசைமேல் கிடந்தவற்றில் தான் பின்னிய ஒன்றை எடுத்தாள்.

"திரும்பி உட்காருங்க. சுவத்தைப் பாருங்க."

"எதுக்கும்மா?"

"நான் மாத்தறேன். நான் இருமமாட்டேன்."

அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுண்ணாம்பு உதிர்ந்த இடம் ஒன்று கண்ணெதிரே இருந்தது. பாட்டு வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

"இது எது?"

"உன்னோடது."

"சரி" என்றாள். குரலில் ஒரு துள்ளல். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மறுபடி. "இது?"

"இதுவும் உன்னோடது. குரல் தெளிவா இருக்கு."

"தப்பு."

மறுபடி. கண்ணை மூடவில்லை அவர். தலையை ஆட்டவில்லை. யார் முகமும் நினைவில் இல்லாமல், காதை மட்டும் வைத்துக் கேட்டார்.

"இது... கடையோடது."

"தப்பு." அவள் குரல் உடைந்துவிட்டது. "அது நான் பின்னினது."

பல்லண்ணனின் கண்ணில் தண்ணீர் வந்தது. தோற்றதற்காக அல்ல. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் பாட்டு ஓடும்போது அவர் காதில் விழுந்ததெல்லாம் ஆஹாதான், தப்பு என்று யாரும் சொன்னதில்லை. அழுதுகொண்டாவது சொல்கிறாளே ஒருத்தி.

"இன்னொரு தடவை போடு" என்றார்.

பின்னால் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் ஓசை கேட்டது.

"போடறேன். ஆனா இன்னிலேருந்து ஒயர் பின்ன என்னைக் கூப்பிடாதீங்க."

"சரி" என்றார் பல்லண்ணன், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பாட்டு ஆரம்பித்தது.